வயது கேட்காத வாசல்: சென்னை கிரிக்கெட் லீக்கின் கீழ் டிவிஷன்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

2018 டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில், 20 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் பட்டியலிடப்பட்டிருந்த சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியை கிங்ஸ் லெவன் பஞ்சாப் அணி 8.4 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்கு அவருக்கு வயது 27. தமிழ்நாட்டு அணிக்காக அவர் ஆடியிருந்த முதல்தர ஆட்டம், அதாவது மாநில அணிகள் மோதும் பல நாள் ஆட்டம், ஒன்றே ஒன்று. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணி, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி என்று இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் வழக்கமாக ஏறிவரும் படிகளில் எதிலும் அவர் பெயர் இல்லை. அதற்கு முந்தைய 2017-18 சீசனில் அவர் இருந்த இடம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கின் நான்காம் டிவிஷன்; அவர் ஆடியது ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்கு. அந்த சீசனின் ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட்டுகளை எடுத்த அவர், ஓவருக்குச் சராசரியாக 3.06 ரன்களை மட்டுமே விட்டுக்கொடுத்தார்.

மர்மச் சுழல், கட்டடக் கலைஞர், கோடிகள் என்று அந்தக் கதை அப்போதே ஊடகங்களில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. நான்காம் டிவிஷன் என்று ஓர் அடுக்கு இல்லாமல் போயிருந்தால், வேலையை விட்டுவிட்டு இருபத்தாறு வயதில் வந்த ஒருவர் முறைப்படி பதிவாகும் கிரிக்கெட்டை எங்கே ஆடியிருப்பார்? சென்னை லீக்கையும் அதன் உறுப்பினர் கிளப்புகளையும் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதல் டிவிஷனையே பேசுகிறார்கள். லீக்கின் தனித்தன்மை அதன் அடிப்பகுதியில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த அடிப்பகுதிதான் இப்போது மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகிறது என்பதும் அதே வாதத்தின் பகுதி.

லீக் உருவான பின்னணி

சென்னையில் கிரிக்கெட் ஆங்கிலேயர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியது. 1846-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கு மட்டுமேயான அமைப்பு. சேப்பாக்கம் மைதானம் அதன் கையில் இருந்தது. அங்கே ஆடப் போன இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடம் கிடையாது, மரத்தடியில்தான் உட்கார வேண்டும் என்ற நிலையைப் பொறுக்காமல், செல்வந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் ஆட்டம் ஒன்றை அவர் 1908-க்கு ஏற்பாடு செய்தார்; ஆட்டம் நடப்பதற்குச் சற்று முன்பு, நாற்பது வயதில் இறந்துபோனார். பின்னாளில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்த பிரசிடென்சி ஆட்டம் அவர் போட்ட வித்து. அவர் பெயரில் நடக்கும் போட்டியைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு 2023-இல் மீண்டும் தொடங்கியது.

1930-களில் ப. சுப்பராயனை முதல் தலைவராகக் கொண்டு மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் அமைந்தது. மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் தொடங்கியது. மெட்ராஸும் மைசூரும் மோதிய அந்த ஆட்டத்தில் எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார், ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. நகரத்தின் லீக் ஆட்டங்களும் இதே பத்தாண்டில்தான் நிலைபெற்றன. ஆக, மாநில அணியும் கிளப்புகளின் லீக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஒன்று மற்றொன்றுக்கு ஆள் அனுப்பும் வழியாக ஆனது தற்செயல் அன்று.

முதல் டிவிஷனில் வெற்றி பெறும் அணிக்குத் தரப்படுவது பாளையம்பட்டி ராஜா கேடயம். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பாளையம்பட்டியின் பெயரைத் தாங்கிய கேடயத்துக்காகச் சென்னைக் கிளப்புகள் மட்டுமே போட்டியிடுகின்றன என்ற முரணை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

கிளப் என்றால் என்ன

மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப், ஆழ்வார்ப்பேட்டை கிரிக்கெட் கிளப் என்று பழைய கிளப்புகளின் பெயர்களைப் படித்தாலே அவை பிறந்த இடம் தெரிந்துவிடும். ஒரு பேட்டை, ஒரு கல்லூரி, ஒரு நண்பர் குழு, அவர்களுக்குள் ஒரு செயலாளர் என்பதே தொடக்க கால அமைப்பு. ஆடியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சில தெருக்களுக்குள்ளும் சில பள்ளிகளுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்த விளையாட்டு அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வட்டம் நீண்ட காலம் அப்படியே இருந்தது.

அடுத்து வந்தது அலுவலகங்களின் காலம். வங்கிகள், ரயில்வே, கணக்குத் தணிக்கை அலுவலகம் போன்ற அரசு அமைப்புகள் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலைகளை ஒதுக்கின. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் நெட்ஸுக்குப் போகலாம், சீசனில் ஆட்டத்துக்கு விடுப்பு உண்டு, ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையனைக் கிரிக்கெட்டில் விட்டுவைக்கப் பெற்றோர் சம்மதித்ததற்கு இந்த வேலை உறுதியைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்திருக்க முடியாது. லீக் அமெச்சூர் லீக்காக இருந்தபடியே வீரர்களின் பிழைப்பைத் தாங்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்: கிளப் சம்பளம் கொடுக்கவில்லை, அலுவலகம் கொடுத்தது.

மூன்றாவதாக, தனியார் நிறுவனங்கள் பழைய கிளப்புகளுக்குப் புரவலர்களாக வந்தன. சன்மார் குழுமத்தின் ஆதரவில் ஆடும் ஜாலி ரோவர்ஸ் அணியும் ஆழ்வார்ப்பேட்டை அணியும் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள். இந்தியா சிமெண்ட்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்களும் இந்த வரிசையில் உண்டு. மைதானம் பராமரிப்பது, பயிற்சியாளரை அமர்த்துவது, உடற்பயிற்சி வசதி செய்து தருவது ஆகிய செலவுகளை நிறுவனம் ஏற்றது. வீரர்களுக்கு வேலையோ மாதத் தொகையோ கிடைத்தது. வெளிமாநில வீரர்கள் சென்னைக்கு வந்து முதல் டிவிஷனில் ஆடுவது வழக்கமானது. ராகுல் திராவிட் இந்தியா சிமெண்ட்ஸின் ஊழியராக இருந்தவர். டிரினிடாடில் பிறந்து 1980-களில் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்த ராபின் சிங், இங்கே கிளப் கிரிக்கெட் ஆடி, 1987-88-இல் ரஞ்சி கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றார். இந்தியாவின் வேறு எந்த நகர லீக்கோடும் ஒப்பிட்டுத் தலைநிமிரக்கூடிய தரத்தைச் சென்னையின் முதல் டிவிஷன் அடைந்ததற்கு நிறுவனங்களின் பணமே முதற்காரணம். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அதன் விலை என்ன என்று கேட்க முடியும்.

கிரிக்கெட்டோடு அதிகப் பழக்கம் இல்லாதவர்களுக்காக லீக்கின் அடுக்கு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளப்புகள் பல டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சீசன் முடிவில் புள்ளிப்பட்டியலின் உச்சியில் இருக்கும் அணிகள் ஒரு டிவிஷன் மேலே போகும், அடியில் இருப்பவை கீழே இறங்கும். முதல் டிவிஷனில் பல நாள் ஆட்டங்கள் நடக்கின்றன. கீழே போகப்போக ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். வீரர் ஒரு கிளப்பில் பதிவு செய்துகொள்கிறார். சீசன் தொடங்கும் முன்பு வேறு கிளப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

நான்காம் டிவிஷன் ஆட்டம் ஒன்றை நேரில் பார்த்தால், அங்கே பார்வையாளர் என்று யாரும் இருப்பதில்லை என்பதுதான் முதலில் கண்ணில் படும். கல்லூரி மைதானம் ஒன்றின் ஓரத்தில் சில பிளாஸ்டிக் நாற்காலிகள், கிட் பைகள், ஒரு தண்ணீர் கேன். ஒரு மேசையில் இரண்டு ஸ்கோரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஓவர் முடிந்ததும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் புத்தகத்தோடு சரிபார்த்துக்கொள்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய முன்னாள் வீரர் ஒருவர் ஸ்லிப்பில் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் முதலாமாண்டு கல்லூரி மாணவர். மிட் ஆஃபில் நிற்பவர் மறுநாள் காலை அலுவலகம் போக வேண்டியவர். சங்கம் அனுப்பிய நடுவர்கள் வெள்ளைச் சட்டையில் நிற்பார்கள். அந்த நடுவர்களும் ஸ்கோர் புத்தகமும்தான் இந்த ஆட்டத்தைப் பூங்காவில் நடக்கும் டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து பிரிக்கின்றன. ஐந்து விக்கெட் எடுத்தவரின் பெயர் சங்கத்தின் ஏட்டுக்குப் போகும். மறுநாள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியாகவும் வரக்கூடும். அந்தப் பொடி எழுத்துகளை விடாமல் படிக்கும் பயிற்சியாளர்களும் கிளப் செயலாளர்களும் இந்த நகரத்தில் உண்டு.

இரண்டு வீரர்கள், இரண்டு பாதைகள்

வருண் சக்கரவர்த்தியும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜனும் 1991-இல் பிறந்தவர்கள். இருவரும் நீண்ட காலம் டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள். இருவரையும் வயது வரம்புள்ள அணிகள் கண்டெடுக்கவில்லை. இருவரும் லீக்குக்குள் நுழைந்தது நான்காம் டிவிஷனின் வழியாக. ஒற்றுமை இத்தோடு முடிந்துவிடுகிறது. வேற்றுமைகள்தான் லீக்கைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

வருண் பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பராக ஆடினார். பதின்மூன்று வயதில் தொடங்கி, வயது வரம்பு அணிகளின் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வாய்ப்பு கிடைக்காததால் பதினேழு வயதில் கிரிக்கெட்டை விட்டார். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, அந்தத் தொழிலில் வேலையும் பார்த்தார். இடையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் அவரைத் திரும்ப இழுத்தது. வேலையை விட்டுவிட்டு குரோம்பெஸ்ட் கிரிக்கெட் கிளப்பில் வேகப்பந்து ஆல்ரவுண்டராகச் சேர்ந்தவர், தொடக்கத்திலேயே முழங்காலில் அடிபட்டு நின்றுபோனார். குணமாகும் காலத்தில் ஓடிவந்து வீசுவது இயலாது என்பதால் சுழற்பந்துக்கு மாறினார். டென்னிஸ் பந்தில் பழகியிருந்த விரல் வித்தைகளைக் கிரிக்கெட் பந்துக்குக் கொண்டுவந்தார். ஜூபிலி கிளப்பில் அவர் வீசியது இந்தப் புதிய பந்துவீச்சைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒருவர் கீப்பராகவும் வேகப்பந்து வீச்சாளராகவும் தோற்றுப்போய், மூன்றாவது அவதாரமாக, யாரும் முறையாகக் கற்றுத்தராத பந்துவீச்சோடு வந்தபோது, லீக்கில் அவருக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது என்பது. அகாடமியோ மாவட்டத் தேர்வு முகாமோ இதைச் செய்திருக்காது. அவற்றின் வேலை பதினைந்து வயதில் இருப்பவர்களில் யார் இருபது வயதில் தேறுவார்கள் என்று கணிப்பது. நான்காம் டிவிஷன் கிளப்பின் தலைவருக்கோ வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து விக்கெட் எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். வயதைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் அக்கறை இல்லாமல் இருப்பது இந்த இடத்தில் ஒரு நற்குணமாகிவிடுகிறது.

31 விக்கெட்டுகளுக்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2018-இல், சங்கம் நடத்தும் டி20 போட்டியான தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை பாந்தர்ஸ் அணிக்கு ஆடி, அந்த அணி கோப்பையை வெல்ல உதவினார். அங்கே தொலைக்காட்சி கேமரா இருந்தது, ஐ.பி.எல். அணிகளின் ஆட்கள் இருந்தார்கள். அடுத்த ஐ.பி.எல்-லில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ரன்கள் போயின. நான்காம் டிவிஷனுக்கும் கொல்கத்தாவின் ஈடன் கார்டன் மைதானத்துக்கும் உள்ள தூரம் ஒரே ஓவரில் தெரிந்துவிட்டது. இருந்தும் 2021-இல் இந்தியாவுக்காக ஆடினார். 2025 பிப்ரவரியில் 33 வயதில் ஒருநாள் போட்டிகளில் அறிமுகமாகி, அடுத்த மாதமே சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார்.

நடராஜனின் பாதையில் லீக்குக்கு முன்பாகவே ஒரு பெரிய தடை இருந்தது: தூரம். சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில், தந்தை நெசவுக் கூடத்தில் கூலி வேலை பார்க்க, தாய் சாலையோரத்தில் கடை போட்ட குடும்பம் அவருடையது. இருபது வயதை நெருங்கும் வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்ற மூத்த ஆட்டக்காரர் அவரைச் சென்னைக்கு அழைத்துவந்து லீக்கில் சேர்த்துவிட்டார். 2010-11 சீசனில் பி.எஸ்.என்.எல். அணிக்காக நான்காம் டிவிஷனில் தொடங்கிய நடராஜன், பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று மேலே போனார். பின்னாளில் சட்டையின் முதுகில் அவர் போட்டுக்கொண்ட 'ஜேபி நட்டு' என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அந்த மூத்தவருடையவை.

2015 ஜனவரியில் ரஞ்சி கோப்பையில் அறிமுகமான கையோடு நடராஜனின் பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகாரளிக்கப்பட்டது. ஒரு கிராமத்து இளைஞரின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், அப்போது அவர் சென்னையின் கிளப் அமைப்புக்குள் இருந்தார் என்பதுதான். கையசைவைத் திருத்திக்கொடுக்கத் தெரிந்த முன்னாள் வீரர்களும் பயிற்சியாளர்களும் எட்டும் தூரத்தில் இருந்தார்கள். அதைச் செய்து முடிக்கும் வரை தாங்கிக்கொள்ள ஒரு கிளப் இருந்தது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் சீசனில், சமனான ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் ஒரு சூப்பர் ஓவரின் ஆறு பந்துகளையும் மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கராக வீசி அவர் பேர் வாங்கினார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அதே பயணத்தில் அறிமுகமானார்; எந்த இந்திய வீரருக்கும் அதற்கு முன்பு அப்படி வாய்த்ததில்லை.

முதல் டிவிஷனின் பங்கைக் குறைத்துக் காட்டுவது நோக்கமன்று. மட்டையாளர் சாய் சுதர்சன் 2019-20-இல் ஆழ்வார்ப்பேட்டை அணிக்காக 635 ரன்கள் எடுத்து, பாளையம்பட்டி கேடயப் போட்டியில் அந்த சீசனின் முதன்மை ரன் குவிப்பாளராக இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து இந்தியாவின் ஒருநாள் அணியிலும், பிறகு டெஸ்ட் அணியிலும் அவர் ஆடியபோது யாரும் வியக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பாதை எல்லாரும் எதிர்பார்க்கும் பாதை: விளையாட்டுக் குடும்பம், சிறுவயதுப் பயிற்சி, வயது வரம்பு அணிகள், முதல் டிவிஷன். லீக் இல்லாவிட்டாலும் அவரை ஏதோ ஒரு தேர்வுக்குழு கண்டுபிடித்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். வருணையும் நடராஜனையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டே இரண்டு பேரை வைத்து ஓர் அமைப்பை மெச்சலாமா என்ற எதிர்வாதம் நியாயமானது. ஒவ்வொரு சீசனிலும் கீழ் டிவிஷன்களில் ஆடுவோர் பெருந்தொகை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே ஆடி, அங்கேயே ஓய்வு பெறுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. அமெச்சூர் லீக்கின் முதல் கடமை, ஆட விரும்புபவருக்கு ஒழுங்கான ஆட்டம் கொடுப்பது. இந்திய அணிக்கு ஆள் தருவது அதன் உபரி விளைவு. ஆனால் அந்த உபரி கிடைக்க வேண்டுமென்றால் சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கீழ் டிவிஷன் ஆட்டங்கள் சரியான நடுவர்களோடும் சரியான பதிவோடும் நடக்க வேண்டும். மேல் டிவிஷன் கிளப்புகள் கீழே எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடக் கூடாது. வீரர் தடையின்றி மேலே மாற வேண்டும். இம்மூன்றில் கடைசி இரண்டும் கிளப்பின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

பணமும் ஓட்டும்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஓர் அமைப்பு. அதன் பொதுக்குழுவில் வாக்களிப்பவை மாவட்டச் சங்கங்களும் உறுப்பினர் கிளப்புகளும். அதாவது ஒரு கிளப் இரண்டு பொருள்களாக ஒரே நேரத்தில் இருக்கிறது: பதினொரு பேர் ஆடும் அணியாகவும், நிர்வாகத் தேர்தலில் ஓர் ஓட்டாகவும். அணியாக அதன் மதிப்பு அந்த ஆண்டு எத்தனை ஆட்டங்களை வென்றது என்பதைப் பொறுத்தது. ஓட்டாக அதன் மதிப்புக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லை. ஒரு புரவலரின் ஆதரவில் பல கிளப்புகள் இருக்கும்போது இந்த இரண்டு மதிப்புகளும் கலந்துபோகின்றன. கிளப்பை ஆதரிப்பவர் விளையாட்டுக்காக ஆதரிக்கிறாரா, பொதுக்குழுவுக்காக ஆதரிக்கிறாரா என்பதை வெளியில் இருந்து பார்ப்பவர் பிரித்தறிய முடிவதில்லை. இது சென்னைக்கு மட்டுமான நோயும் அன்று. கிளப்புகளே வாக்காளர்களாக உள்ள எந்தச் சங்கத்திலும் இந்தச் சிக்கல் கருவிலேயே இருக்கிறது.

ஆட்டத்தின் பக்கம் இதன் விளைவு இருவகைப்பட்டது. ஒரே புரவலரின் கீழ் முதல் டிவிஷன் கிளப்பும் கீழ் டிவிஷன் கிளப்பும் இருந்தால், திறமையான இளைஞர் ஒருவர் அந்த வீட்டுக்குள்ளேயே மாடிப்படி ஏறிவிடலாம், இது நன்மை. ஆனால் யாருடைய ஆதரவும் இல்லாத தனிக் கிளப், ஒரு செயலாளர் தன் கைக்காசைப் போட்டு நடத்தும் கிளப், தான் கண்டெடுத்த வீரரை அடுத்த சீசனில் இழந்துவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கால்பந்தில் ஒரு வீரர் பெரிய கிளப்புக்குப் போகும்போது அவரை இளமையில் பயிற்றுவித்த சிறிய கிளப்புக்கு ஒரு பங்கு போய்ச்சேரும்படி உலக அமைப்பின் விதிகளே இருக்கின்றன. இந்தியக் கிரிக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. 8.4 கோடி ரூபாய் ஏலத்தில் நான்காம் டிவிஷன் கிளப்புக்கு உரிய பங்கு என்று ஒரு ரூபாய் கூடக் கிடையாது. அந்த ஏலத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு என்றாலே 8.4 லட்சம் ரூபாய் ஆகிறது. பந்துக்கும் மைதான வாடகைக்கும் திண்டாடும் ஒரு கிளப்புக்கு அது சிறிய தொகை இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2023-இல் ஏல முறைக்கு மாறி, சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சம் ரூபாய்க்கு எடுத்தபோதாவது இந்தப் பேச்சு தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை.

வேலைவாய்ப்பின் பக்கமும் தரை நகர்ந்திருக்கிறது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது முன்போல இல்லை. நிறுவனக் கிளப்புகள் தருவது நிரந்தர வேலையைவிடப் பெரும்பாலும் சீசனுக்கான உதவித்தொகை. முப்பத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்த மட்டையாளருக்கு முன்பு ஒரு மேசையும் நாற்காலியும் காத்திருந்தன. இன்றைய வீரருக்கு ஐ.பி.எல். என்ற ஒற்றைக் கதவு மட்டும் பெரிதாகத் திறந்து கிடக்கிறது, அதில் நுழைபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முழுநேரமாக ஆடியும் முழுச்சம்பளம் இல்லாத இந்த இடைநிலையை அமெச்சூர் என்ற பழைய பெயரால் அழைப்பது வசதியாக இருக்கிறது. சரியாக இருக்கிறதா என்பது வேறு.

மாவட்டத்துக்கு வெகு தூரம்

மாவட்டச் சங்கங்கள் தங்கள் ஊர்களில் தனித்தனியே லீக் நடத்துகின்றன. அவற்றில் நன்றாக ஆடுபவர் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளில் இடம்பெறலாம். தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்த பிறகு திண்டுக்கல், திருநெல்வேலி, கோயம்புத்தூர், சேலம் ஆகிய இடங்களின் மைதானங்கள் தொலைக்காட்சியில் தெரியத் தொடங்கின. உள்ளூர்ச் சிறுவர்கள் நல்ல புல்தரையையும் நல்ல விக்கெட்டையும் கண்ணால் பார்த்தார்கள். இதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் ஆண்டு முழுவதும் தொடர்ந்து வலுவான எதிரணிகளோடு ஆடுவதற்கும், தேர்வாளர்களின் கண்ணில் படுவதற்கும், சென்னைக் கிளப் ஒன்றில் பதிவு செய்வதைத் தவிர வேறு நம்பகமான வழி இன்றும் இல்லை.

நடராஜனின் கதையை இந்தக் கோணத்தில் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. லீக் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் கண்டுபிடித்து, லீக் இருக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். சென்னையில் தங்க இடம், சாப்பாடு, பேருந்துச் செலவு, ஸ்பைக்ஸ் காலணி ஆகியவற்றை ஒருவர் பார்த்துக்கொண்டால்தான் நான்காம் டிவிஷனின் திறந்த வாசல் ஒரு கிராமத்து இளைஞருக்குப் பயன்படும். சென்னையிலேயே வளர்ந்து படித்த வருணுக்கு அந்தச் செலவு இல்லை. ஒரே வாசலுக்கு வந்த இருவரும் வேறு வேறு தொலைவுகளைக் கடந்து வந்தவர்கள்.

மாவட்டங்களுக்கும் ஓட்டு இருக்கும் ஒரு சங்கம், மாவட்ட லீக்குகளின் வெற்றி அணிகளைச் சென்னை லீக்கின் ஏதேனும் ஒரு டிவிஷனில் நேரடியாகச் சேர்த்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். பயணச் செலவு ஒரு தடைதான். ஆட்டங்களைச் சில வாரங்களில் தொகுத்து நடத்துவதன் மூலம் அதைக் குறைக்க முடியும். இதைவிடப் பெரிய தடை, புதிதாக ஓர் அணி உள்ளே வந்தால் பழைய கிளப் ஒன்று கீழே இறங்க வேண்டும் என்பது. இறங்கும் கிளப்புக்கும் பொதுக்குழுவில் ஓட்டு உண்டு.

2023 ஜூனில் நடராஜன் தன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியில் தன் பெயரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தைக் கட்டித் திறந்தார். அங்கே முறையான விக்கெட் இருக்கிறது, வலைப்பயிற்சிக்கு இடம் இருக்கிறது, பந்து வாங்கவும் கற்றுத்தரவும் ஆள் இருக்கிறார்கள். அங்கிருந்து வரும் ஓர் இளம் பந்துவீச்சாளர் 31 விக்கெட் எடுத்தால் அது எந்த ஏட்டில் பதிவாகும், அந்த ஏட்டைச் சென்னையில் யார் படிப்பார்கள் என்பதற்கு லீக்கின் இன்றைய அமைப்பில் விடை இல்லை.